வடக்குப் பக்கத்து வாய்க்கால்

அக்டோபர் கடைசி வாரத்தில் ஒரு நாள். வேலை முடிந்து வந்து சைக்கிளை வீட்டின் பின்பக்கம் நிறுத்தப் போன மசுயோ, அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். சமையலறைக் கூரையின் வடக்கு ஓரத்தில், மழைத்தண்ணீர் ஓடுவதற்காக மாட்டியிருந்த வாய்க்காலில், ஏதோ முளைத்திருந்தது. புல்லோ பாசியோ இல்லை. விரல் நீளத்துக்கு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் தேவதாருக் கன்று.

"கீழ நாப்பது பேரு நிக்கிறது போதாதா? மேலயும் குடிவந்தாச்சா?" என்றாள் அதைப் பார்த்து.

அந்த நாற்பது பேர், வீட்டைச் சுற்றி நிற்கும் தேவதாரு மரங்கள். ஜப்பானின் தோனாமி சமவெளியில் வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வயலுக்கு நடுவே ஒரு வீடு, அதைச் சுற்றி ஒரு மரக்கூட்டம், பிறகு வயல், தள்ளி இன்னொரு வீடு. மலைக்காற்றையும் பனிச்சூறையையும் மரங்கள் தடுத்துவிடும். அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இலையுதிர்காலக் காற்று ஒரு தடவை வீசினால் போதும், செம்பழுப்புச் சருகு கொத்துக் கொத்தாகக் கூரையில் விழும். சாதாரண இலையென்றால் காற்றே அள்ளிக்கொண்டு போய்விடும். இது ஊசி ஊசியாய் ஒன்றோடொன்று பின்னி, மழையில் ஊறி, வாய்க்கால் நெடுக நார்மெத்தை போட்டதுபோல அடைத்துக்கொள்ளும். டிசம்பருக்குள் அள்ளியாக வேண்டும். விட்டால் தேங்கிய தண்ணீர் உறையும். உறைந்ததன்மேல் கூரைப் பனி சரிந்து உட்காரும். பாரம் தாங்காமல் இரும்புப் பிடிகள் வளையும், கீழிறங்கும் குழாய் வெடிக்கும். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படி வெடித்துத்தான் சமையலறைச் சுவர் நனைந்து, அரிசிப்பெட்டிக்குப் பின்னால் பூஞ்சை படர்ந்தது. அந்தச் சுவரைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதும் மசுயோதான்.

மசுயோ பிறந்தது ஹிமியில், கடற்கரை ஊரில். அப்பா வலைப்படகில் போகிறவர். அந்த ஊரில் வீட்டின்மேல் விழுவதென்றால் கடற்காகத்தின் எச்சம் ஒன்றுதான், அதையும் அடுத்த மழை கழுவிவிடும். இருபத்தைந்து வயதில் நகாஓகி வீட்டுக்கு மருமகளாக வந்து, முதல் இலையுதிர்காலத்தில், மாமனார் ஏணியில் நின்று வாளி வாளியாகச் சருகு அள்ளி இறக்கியபோது, "இவ்ளோ குப்பையும் எங்கிருந்து வந்துச்சு?" என்று வாய்விட்டுக் கேட்டவள் அவள். ஏழாம் வருஷம் மாமனாருக்கு முழங்கால் விட்டுப்போனது. அந்த வருஷம் எல்லோரும் ஏணியைப் பார்த்தார்கள், பிறகு மசுயோவைப் பார்த்தார்கள். "படகுல ஏறி இறங்குன பொண்ணுதானே, ஏணி என்ன பெரிய விஷயம்" என்று மாமியார் ஒரு வார்த்தை சொன்னாள். அந்த ஒரு வார்த்தை இருபத்தைந்து வருஷ வேலையாகிவிட்டது. மாமனாரும் மாமியாரும் போய்ச் சேர்ந்தார்கள். வேலை போகவில்லை.

புருஷன் ஏன் ஏறவில்லை என்று கேட்டால், அங்கேதான் சங்கதி. அவன் பெயர் நொபோரு. ஏறுகிறவன் என்று அர்த்தம். பிள்ளை உயர உயரப் போகட்டும் என்று ஆசைப்பட்டு வைத்தார்கள். ஸ்டூல்மேல் நின்று பல்பு மாற்றச் சொன்னால்கூட அவனுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். மற்றபடி அசைக்க முடியாத ஆள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் முப்பத்தைந்து வருஷமாக ஆசிரியர். மாணவன் வண்டியை நேராக வயல் ஓடைக்குள் இறக்கினாலும் குரல் உயராது. "இடது பாத்தாச்சா? வலது பாத்தாச்சா? சரி, பின்னால எடு" என்பான். எதையும் விரலால் சுட்டிக்காட்டி உறுதிசெய்கிற பழக்கம் வீட்டிலும் தொடர்ந்தது. படுக்கப் போகுமுன் அடுப்பைச் சுட்டி, "அணைஞ்சிருக்கு, சரி." கதவைச் சுட்டி, "பூட்டியிருக்கு, சரி." ஒவ்வொரு நவம்பரிலும் கூரையைச் சுட்டி, "அடைச்சிருக்கு, சரி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவான்.

கன்றைப் பார்த்த அன்று சாப்பாட்டின்போது மசுயோ பேச்சை எடுத்தாள்.

"ஏங்க, இந்த வருஷம் நான் ஏறல."

நொபோரு சூப் கிண்ணத்தை வாயிலிருந்து எடுக்காமலே, "எதுல?" என்றான்.

"ஃபூஜி மலைல. கேள்வியப் பாரு. ஏணிலதான்."

"தோள்பட்டை வலியா?"

"தோள் வலிச்சா பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு ஏறுவேன். காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் துலிப் கிழங்கப் பொறுக்கிட்டு வர்றேன், அதுக்கப்புறமும் இத்தனை வருஷமா நான் ஏறலையா? இது வலி இல்லீங்க. வெறுத்துப்போச்சு."

நொபோரு கிண்ணத்தை வைத்தான். கொஞ்சம் யோசித்தான். "சரி, நான் பாத்துக்கிறேன்."

"பாத்துக்கிறேன்னா? கீழ நின்னு பாக்குறதா?"

"செய்யறேன்னு சொல்றேன்."

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் தேர்வு. இரண்டாவது ஞாயிறு மழை. மூன்றாவது ஞாயிறு வெயில் பளீரென்று அடித்தது. நொபோரு காலையிலேயே கிளம்பிப்போய், தோட்டச் சாமான் கடையிலிருந்து ஒரு சுருள் பிளாஸ்டிக் வலையோடு திரும்பினான். இதை வாய்க்கால்மேல் போட்டுவிட்டால் சருகு உள்ளேயே போகாதாம்.

"போடறது யாரு?" என்று கேட்டாள் மசுயோ.

வலை கொட்டகைக்குப் போனது. அங்கே அதற்கு நிறையத் துணை இருந்தது. போன வருஷம் வாங்கிய நீளக்கழி இடுக்கி. அதற்கு முந்தின வருஷம், குழாய்த் தண்ணீரைக் கூரைக்குப் பீய்ச்சும் வளைந்த கம்பி. அதற்கும் முன்னால், வாய்க்காலுக்குள் நீளவாக்கில் படுக்க வைக்கும் பெரிய பிரஷ். சீப்பில் முடி சிக்குவதுபோல அதில் சருகு சிக்கியது. அதைப் பிடுங்கி எடுக்க மசுயோ இரண்டு தடவை ஏற வேண்டியிருந்தது. அத்தனை சாமானும் ஏணியில் ஏறாமல் இருப்பதற்காக வாங்கியவை. எதை வாங்கினாலும் கடைசியில் ஏணியில் ஏற வேண்டியிருந்தது.

மசுயோ சொன்ன சொல்லில் நின்றாள். வாய்க்கால் நிரம்பி வழிந்தது. எங்கே வழிந்தது? சரியாகச் சமையலறைக் கதவுக்கு நேராக. குப்பையைக் கொண்டுபோட வெளியே வந்தால் பின்கழுத்தில் சில்லென்று ஒரு சொட்டு. வெங்காயத்தாள் பறிக்கப் போனால் இன்னொரு சொட்டு. அவள் ஒரு வாளியைக் கொண்டுவந்து அடியில் வைத்தாள். நொபோரு அந்த வாளியைச் சுட்டிக்காட்டி, "நிரம்பியிருக்கு" என்றான்.

"சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க," என்றாள் மசுயோ.

நவம்பர் இருபதுக்குமேல் கடல் பக்கமிருந்து இடி கேட்கத் தொடங்கியது. அந்தப் பக்கத்தில் குளிர்காலத்துக்கு முன்னால் வரும் இடி அது. ஆழத்தில் கிடக்கும் புரி மீனை எழுப்பிவிடும் இடி என்பார்கள். ஹிமிக்காரிக்கு அந்தச் சத்தம் கேட்டால் நாக்கில் எச்சில் ஊறும். இந்த வருஷம் அவள் கண் வாய்க்காலுக்குத்தான் போனது. இன்னும் பத்து நாளில் பனி.

கடைசி ஞாயிறு. மசுயோ முற்றத்தில் முட்டைக்கோஸை வைக்கோல் சுற்றிப் பொதிந்துகொண்டிருந்தாள். பின்பக்கமிருந்து மோட்டார் சத்தம். ஊரில் யாரோ புல்வெட்டுகிறார்கள் என்று நினைத்தாள். சத்தம் இன்னும் பெரிதானது. போய்ப் பார்த்தால், நொபோரு இலை ஊதும் இயந்திரத்தைத் தோளில் மாட்டி, அதன் வாயில் ஒரு நீளக் குழாயைச் செருகி, குழாயின் நுனியைக் கொக்கிபோல வளைத்து வாய்க்காலுக்குள் விட்டிருந்தான். தரையில் இரண்டு கால்களையும் அகட்டி நின்றுகொண்டு, மேலே நடப்பது எதுவும் தெரியாமல், முழுவேகத்தில் ஊதிக்கொண்டிருந்தான். ஒரு மாதத்துக் கறுப்புச் சேறும் சருகும் வாய்க்கால் நெடுக ஓடி, கடைசி முனையில் பீரங்கிபோலப் பாய்ந்தது.

அந்தக் கடைசி முனைக்குக் கீழேதான், காற்று நன்றாக வரும் இடமாகப் பார்த்து, மசுயோ பெர்சிமன் பழங்களைத் தோல்சீவி, கயிறு கயிறாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். மூன்று வாரம் காய்ந்து, சுருங்கி, மேலே வெள்ளைமாவு பூக்கப் போகிற பழங்கள்.

"நிறுத்துங்க!"

மோட்டார் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் போய் விசையைத் தானே அணைத்தாள். சேறு கயிறு கயிறாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

மசுயோ கத்துவாள் என்று நொபோரு எதிர்பார்த்தான். கத்தவில்லை. ஒரு பழத்தைப் பிய்த்து அவன் கையில் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

"மசுயோ..."

"வசந்தகாலம் வரைக்கும் டீயோட என்ன சாப்பிடுவோம்? இதத்தானே? சாப்பிட்டுப் பாருங்க, தேவதாரு வாசம் எப்படி இருக்குன்னு."

நொபோரு பழத்தைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். வாய்க்காலில் பாதிக்குமேல் சருகு அப்படியே இருந்தது. இயந்திரத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். "நானே ஏறுறேன்," என்றான்.

"வேணாம். விளையாடாதீங்க."

"ஏறுறேன்னு சொல்றேன்ல."

போய், பள்ளியில் பைக் கற்றுக்கொடுக்கும்போது போடும் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். ஏணியைச் சாத்தினான். அதன் இடதுகாலைச் சுட்டினான், வலதுகாலைச் சுட்டினான். "சரி" என்று சொல்லவில்லை. ஏறினான். ஒரு படி, இரண்டு படி. நாலாம் படியில் கொஞ்சம் நின்று மூச்சுவிட்டான். மசுயோ ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆறு, ஏழு. ஏழாவது படியில் கைகள் ஏணியின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டன. அதற்குமேல் ஆள் மேலும் போகவில்லை, கீழும் வரவில்லை.

"ஏங்க?"

ஏணி மெல்ல நடுங்கியது. அந்த நேரம் பார்த்து ஆலங்கட்டி பொழிய ஆரம்பித்தது. கடுகளவு கட்டிகள் ஹெல்மெட்டில் படபடவென்று தெறித்தன.

வயல் வரப்பில் சைக்கிள் மணி அடித்தது. இகுயோ-சான். அடுத்த வீட்டுக்காரி, மசுயோவைவிடப் பத்து வயது மூத்தவள். பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்துத்தான் அங்கே அழைப்பார்கள். கூடையில் டர்னிப் கிழங்கோடு வந்திறங்கி, முகத்தை நிமிர்த்தி மேலே பார்த்தாள்.

"அட, நொபோரு-சான்! பேருக்கேத்த மாதிரி ஏறிட்டீங்களே! அங்கேருந்து கடல் தெரியுதா?"

"இகுயோ-சான், அவரு மாட்டிக்கிட்டாரு," என்றாள் மசுயோ.

"எதுல மாட்டிக்கிட்டாரு? ஒண்ணையும் காணோமே."

"அவருக்குள்ளயே மாட்டிக்கிட்டாரு. பேசாம வந்து ஏணியப் பிடிங்க."

இகுயோ-சான் பிடித்துக்கொண்டாள். மசுயோ அவன் பின்னாலேயே ஏறினாள். அவன் முதுகு அவள் நெஞ்சில் படும்வரை போய், இரண்டு பக்கமும் கையை நீட்டி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவன் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. இப்போது திட்டினால் இவன் வசந்தகாலம் வரை இங்கேயே நிற்பான் என்று அவளுக்குப் புரிந்தது.

"ஓட்டுநர் அவர்களே," என்றாள் அவன் காதருகே, "வண்டிய ரிவர்ஸ் எடுக்கப் போறோம். பதட்டப்படாதீங்க. இடது கால். பாத்தாச்சா?"

"பாக்க முடியல."

"பாக்க வேணாம். நான் பாத்துட்டேன். இடது கால் கீழ ஒரு படி. இறக்குங்க."

கால் இறங்கியது.

"சரி. இப்ப வலது."

அப்படி ஒவ்வொரு படியாக, ஆலங்கட்டிக்கு நடுவே, இருவரும் ஒரே ஆள்போல இறங்கினார்கள். கடைசிப் படி வந்ததும் இகுயோ-சான், "பாஸ்! லைசென்ஸ் குடுத்துடலாம்," என்றாள்.

நொபோரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. அப்படியே சொன்னான்: "இத்தனை வருஷமா உன்ன ஏத்திவிட்டுட்டுக் கீழயே நின்னுட்டேன். மேல அவ்வளவு உசரம்னு தெரியல."

"மூணு மீட்டர்தாங்க."

"மூணு மீட்டர்தானா?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டான்.

மசுயோவுக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் கோபமும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தது. கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு அவளே ஏறினாள். சீக்கிரம் பனி வந்துவிடும், வேறு வழியில்லை. ஏறி, குழாய் இருக்கும் முனையிலிருந்து இரண்டு கை நீளத்துக்குச் சருகை வழித்தெடுத்தாள். வழித்ததும் தேங்கியிருந்த தண்ணீர் நகர ஆரம்பித்தது. குழாய் இருக்கும் பக்கம் போகவில்லை. எதிர்ப்பக்கம் போனது.

நம்பாமல், சருகைக் கொஞ்சம் கிள்ளித் தண்ணீரில் போட்டாள். அது மெதுவாக, அவசரமில்லாமல், குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்து போனது. பிடிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். பனிப் பாரத்தில் நாலு பிடிகள் வளைந்து, வாய்க்கால் மொத்தமும் மறுபக்கம் சாய்ந்து கிடந்தது. இன்று நேற்று வளைந்ததல்ல. வளைந்த இடத்தில் துருவே பழசாகியிருந்தது.

"எத்தனை வருஷமா?" என்றாள் அவள், யாரிடமென்று இல்லாமல். "எத்தனை வருஷமா நான் அள்ளினேன்? நீ ஏட்டிக்குப் போட்டியா ஓடிட்டிருந்திருக்கே!"

கீழே இருவரும் மேலே பார்த்தார்கள்.

"ஏங்க, ஸ்க்ரூடிரைவர் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா குடுங்க."

நொபோரு கொட்டகைக்கு ஓடினான். ஸ்க்ரூடிரைவரை நீளக்கழி இடுக்கியில் கவ்வவைத்து மேலே நீட்டினான். அந்த இடுக்கி செய்த முதல் உருப்படியான காரியம் அது. முதல் திருகு கழன்ற பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது.

"கழட்டுறியா? மசுயோ, கழட்டினா தண்ணி எங்க போகும்?"

"இப்ப எங்க போகுது? என் கழுத்துல போகுது. இனிமே நேரா தரைக்குப் போகட்டும்."

"அப்பா போட்டதும்மா அது..."

"அப்பா போட்டாரு, முடிஞ்சவரைக்கும் அப்பாவே அள்ளினாரு. அவருக்கும் இதுக்கும் கணக்கு சரியாப்போச்சு. எனக்குத்தான் சரியாகல."

நொபோரு இகுயோ-சானைப் பார்த்தான், துணைக்கு வருவாளா என்று. அவள் கிழங்குக் கூடையை இறக்கி வைத்தபடி, "மேல மலை ஊர்ல எங்க சித்தி வீட்டுல இது கிடையவே கிடையாது. பனி வந்தா பிச்சுக்கிட்டுப் போறத எதுக்கு மாட்டணும்பா சித்தி," என்றாள். அதோடு விவாதம் முடிந்தது.

பதினொரு மீட்டர். ஒவ்வொரு துண்டாக மசுயோ கழற்றித் தர, நொபோரு கீழே நின்று வாங்கி அடுக்கினான். தேவதாருக் கன்று இருந்த துண்டை மட்டும் தனியாக வைத்தான். அதைப் பிடுங்கி வயல் ஓரத்தில் நடப் போகிறேன் என்றான். "நாப்பத்தொண்ணு," என்று பல்லைக் கடித்தாள் மசுயோ. ஆனால் தடுக்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்க நொபோரு வேலையிலிருந்து திரும்பியதும் மண்வெட்டியை எடுத்தான். கூரையிலிருந்து தண்ணீர் விழும் கோட்டில், கயிறு கட்டி, மட்டம் பார்த்து, முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் வெட்டினான். ஆற்றுக் கூழாங்கல்லை வாங்கிவந்து, பெரியது அடியில், சிறியது மேலே என்று நிரப்பினான். தரைமட்ட வேலை என்றால் அந்த ஆளுக்கு நிகர் கிடையாது. மசுயோ குறை கண்டுபிடிக்கலாம் என்று இரண்டு தடவை சுற்றிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் நாலாம் தேதி பனி வந்தது. ஜனவரியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது. கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து, திம்மென்று தரையில் விழுந்து அடங்கியது. ஒன்றும் உடையவில்லை, ஒன்றும் வெடிக்கவில்லை. ஆனால் கதவுக்கு முன்னால் சொட்டியது காலையில் கண்ணாடியாக உறைந்திருந்தது. ஒரு நாள் மசுயோ ஊறுகாய்ப் பாத்திரத்தோடு வழுக்கி உட்கார்ந்தாள். எழுந்ததும், திட்ட வேண்டிய ஆள் தான்தான் என்பது நினைவுக்கு வந்து வாயை மூடிக்கொண்டாள். பிறகு கதவுக்கு மேலே மட்டும் இரண்டு முழத்துக்கு ஒரு தகரத்தை வைத்துக்கொண்டார்கள். அதற்கு ஏணி வேண்டாம், கை எட்டும்.

இகுயோ-சான் வீட்டில் அதே ஜனவரியில் வாய்க்கால் பாதி பிய்ந்து, ஒடிந்த கைபோலத் தொங்கியது. பனி கரைந்ததும் முதல் வேலையாக அவள் மசுயோவிடம்தான் வந்தாள்.

"மசுயோ-சான், நீதான் கழட்டத் தெரிஞ்சவ. வந்து அதையும் கழட்டிடு. நொபோரு-சான் அந்தக் கல்லுவேலையும் செஞ்சா நல்லாருக்கும்."

"ஏறக்கூடாதுன்னுதான் நான் கழட்டினதே," என்றாள் மசுயோ.

"ஒரே ஒரு நாள்தானே."

அந்த ஒரு நாளைப் பார்த்துவிட்டு வயல் ஓடைக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்காரர் கேட்டார். பிறகு கோயில் பக்கத்து வீடு. அடுத்த இலையுதிர்காலம் வருவதற்குள் நாலு வீடு. சொந்த வீட்டுக்கு ஏறியதைவிட அதிகமாக அவள் அந்த வருஷம் ஏறினாள். சின்ன லாரியில் கூழாங்கல் ஏற்றிக்கொண்டு நொபோரு பின்னாலேயே வந்தான். எந்த வீட்டிலும் வாய்க்கால் குழாய்ப் பக்கம் சாய்ந்திருக்கவில்லை என்பது அவளுக்கு ஆறுதலாக இல்லை. ஊர் மொத்தமும் இத்தனை வருஷம் வீணாகவா அள்ளியது என்று இன்னும் எரிச்சல்தான் வந்தது.

இகுயோ-சான் வீட்டில் வேலை நடந்த அன்று, மசுயோ ஏணி உச்சியில் நின்று துருப்பிடித்த ஒரு திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இகுயோ-சான் கீழே ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கம் திருப்பு, இல்லை வலது பக்கம், எண்ணெய் விடு, தட்டிப் பாரு என்று ஓயாமல் யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். திருகு அசையவில்லை. ஏணி லேசாக அசைந்தது.

மசுயோ குனிந்து பார்த்தாள்.

"இகுயோ-சான், ஏணிய ரெண்டு கையாலயும் பிடிங்க. அந்த டீயக் கீழ வைங்க மொதல்ல."